பகிடியைப் பிடுங்கி நட்டால்

‘பஞ்சாயத்’ தொடரை எங்கள் வீட்டில் இந்தியிலேயே பார்த்தோம். கீழே ஓடுகிற ஆங்கில எழுத்தை நான் வாசித்துச் சொல்லச் சொல்ல, இந்தியில் ஒரு சொல்லும் தெரியாத அம்மா கண்ணில் தண்ணி வரச் சிரித்தா. 2024இல் அதே கதை ‘தலைவெட்டியான் பாளையம்’ என்று தமிழில் வந்தது. என் மொழிபெயர்ப்புக்கு வேலையில்லை. அம்மா ரெண்டாவது பகுதியோடு எழும்பிப் புட்டு அவிக்கப் போயிட்டா.

நடிப்பைக் குறை சொல்லேலாது; சேத்தனும் தேவதர்ஷினியும் நடித்த தொடர். மூலக்கதை உத்தரப்பிரதேசத்தில், புலேரா என்ற கிராமத்தில் நடக்கிறது. பட்டணத்திலிருந்து பஞ்சாயத்துச் செயலாளர் வேலைக்கு வருகிற பொடியன் ஊர் தெரியாமல் முழிக்கிறான். ஊர்த் தலைவர் தேர்தலில் வென்றவர் மனைவி, நாற்காலியில் இருப்பவர் கணவர். அப்படிப்பட்ட கணவருக்கு ‘பிரதான் பதி’ என்று ஒரு பட்டமே அந்தப் பக்கம் புழங்குகிறது. இந்தக் கூத்து தமிழ்நாட்டிலும் உண்டுதான். ஆனால் தமிழ்த் தொடரில் வருகிற நெல்லைக்காரர் அதை மறைக்கிற விதமும் நக்கலடிக்கிற விதமும் வேறாகத்தானே இருக்கும்? தொடர் அதைத் தேடிப் போகவில்லை. புலேராவின் சண்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து நெல்லைப் பேச்சில் பேசவைத்தது.

1983இல் அமெரிக்கர்கள் இதற்கு நேரெதிர் வழியில் போனார்கள். பிபிசியின் ‘ஃபோல்டி டவர்ஸ்’ 1975இலும் 1979இலுமாக மொத்தம் 12 பகுதிதான். விடுதி நடத்தும் பேசில் விருந்தினரிடம் எரிந்து விழுவார். மனைவி சிபிலின் குரல் கேட்டால் ஒடுங்கிப்போவார். அவவிடம் ஒரு பொய்யை மறைக்க இன்னும் நாலு பொய். அதைத் திரும்ப எடுத்த அமெரிக்க ‘அமண்டாஸ்’ பேசிலையே தூக்கிவிட்டு, நடிகை பியா ஆர்தரை விடுதிக்கு முதலாளியாக்கியது. விடுதி இருந்தது, விருந்தினர் வந்தார்கள், முதலாளி பயப்பட மட்டும் வீட்டில் ஆளில்லை. சில மாதங்களில் நிறுத்திவிட்டார்கள்.

அப்படியானால் பிரித்தானிய அலுவலகப் பகிடித் தொடர் ‘தி ஆபிஸ்’ அமெரிக்காவுக்குப் போய் எப்படித் தப்பியது? உடனே தப்பவில்லை. 2005இல் வந்த அமெரிக்க முதல் பகுதி, பிரித்தானிய வசனத்தை ஏறக்குறைய அப்படியே ஒப்புவித்தது, பார்க்கவே சங்கடம். மூலத்தில் மனேஜர் டேவிட் பிரென்ட் ஒரு பகிடி விடுவார், ஒருத்தரும் சிரிக்காமல் அறை உறைந்துபோகும். அந்த உறைவுதான் பகிடி. ஆனால் அப்படியொரு மனுசனோடு எவ்வளவு காலம் இருக்கலாம்? அங்கே 14 பகுதியோடு முடித்துக்கொண்டார்கள். அமெரிக்கர்களுக்கோ வருசக்கணக்காக ஓட்ட ஆள் வேணும். இரண்டாம் சீசனில் தங்கட மனேஜர் மைக்கேல் ஸ்கொட்டைத் திருத்தினார்கள்: வேலையாட்களைத் தன் குடும்பமென்று நினைக்கிற, தனிமையில் வாடுகிற, ஆனால் வியாபாரம் கெட்டிக்காரத்தனமாகப் பேசுகிற ஆள். 201 பகுதி ஓடியது. எனக்கு அந்த 14தான் பிடிக்கும், அது வேறு கதை. றீமேக் என்று பார்த்தால் என் வாக்கு அமெரிக்க ‘ஆபிஸு’க்கே.

சரி, ‘பஞ்சாயத்’தை யாழ்ப்பாணத்தில் எடுத்தால்? ஊர் தெரியாமல் முழிக்கிற செயலாளர் பாத்திரம் இங்கே எடுபடாது. கடதாசியில் கிராம உத்தியோகத்தர் என்றாலும் ஊர் வாயில் அவர் விதானையார். எந்த வீட்டு மதில் எந்தக் கோட்டு வழக்கில் இருக்கிறது என்பதுவரை அறிந்தவர். வதிவிடக் கடிதத்துக்குப் போகிற சனம் அவர் முன்னால் காட்டுகிற பவ்வியத்தையும், படலை தாண்டியதும் கதைக்கிற கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வேலிச் சண்டை ஒன்று. கனடாவிலிருந்து வீடியோ கோலில் எல்லை பிடிக்கிற மச்சான் ஒருத்தர். புலேராவிலிருந்து ஒரு வசனமும் வேண்டாம்.

எங்கட சாமான் வெளியே போனாலும் இதே கதைதான். கே. எஸ். பாலச்சந்திரனின் ‘அண்ணை றைற்’ தனிநடிப்பைச் சென்னையில் யாராவது திரும்ப எடுக்கிறார்கள் என்று வையுங்கள். இங்கே கொண்டக்டர் றைவரைப் பார்த்து ‘அண்ணை, றைற்!’ என்று கத்தினால்தான் பஸ் வெளிக்கிடும். அங்கே கொண்டக்டர் விசில் ஊதுவார். தலைப்பே போச்சு.