கோத்தகிரியில் வீடு கட்ட மொத்த கான்ட்ராக்டா, லேபர் கான்ட்ராக்டா?

சதுரடிக்கு இவ்வளவு என்று பேசி, கடைசியில் சாவி வாங்கிக்கொள்வது மொத்த கான்ட்ராக்ட். அலைச்சல் இல்லை. ஆனால் நீலகிரியில் விதி மீறினால் கான்ட்ராக்டரோடு நிற்காது, பட்டாவில் பெயர் உள்ளவரையும் கேட்பார்கள்.

எங்களுக்கு அதுதான் நடந்தது. தடுப்புச் சுவருக்கு மண் வெட்ட, கான்ட்ராக்டர் இரவோடு இரவாக ஜேசிபியை இறக்கிவிட்டார். இங்கே ஆட்சியர் அனுமதி இல்லாமல் அதை ஓட்டக் கூடாது. காலையில் போய்ப் பார்த்தால் செம்மண் செங்குத்தாக நிற்கிறது, சில்வர் ஓக்கின் வேர் அந்தரத்தில் தொங்குகிறது. மரத்தைத் தொடுவதற்கும் 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும். நோட்டீஸ் வந்தது அப்பா பெயருக்கு. 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு அந்த வெட்டு எவ்வளவு பயம் தந்திருக்கும்!

லேபர் கான்ட்ராக்டில் மேஸ்திரி ஆட்களை மட்டும் கொண்டுவருவார். சிமென்ட், அனுமதி, ஆட்களின் பாதுகாப்பு எல்லாம் உங்கள் தலையில். வேலை மெதுவாகத்தான் நகரும். ஆனால் மண்ணில் மண்வெட்டி படும் முன் உங்களைக் கேட்பார்கள்.

வீட்டில் ஒருவர் தினமும் நிற்க முடியுமென்றால் நான் லேபர் கான்ட்ராக்ட்தான் சொல்வேன். கோவையிலிருந்து வாரம் ஒருமுறை வருகிறவர்கள் மொத்தமாகவே கொடுக்கலாம். ஆனால் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்: ஜேசிபி அனுமதி நகலும் தொழிலாளர் காப்பீட்டு ரசீதும் கையில் வந்த பிறகே அடுத்த தவணை.