கழுவினால் போகும் பச்சையா, போகாத பச்சையா?

கார் நடவு நேரத்தில் செங்கோட்டையிலிருந்து புளியரைப் பக்கம் வண்டியை விட்டால் ஒரே பார்வையில் ஐந்து பச்சை தெரியும். நாற்றங்காலின் எலுமிச்சைப் பச்சை, நட்டு பத்து நாளான வயலில் தண்ணீரும் வானமும் கலந்த பச்சை, தென்னையின் அழுக்குப் பச்சை, அடிவாரத்து ரப்பர் தோட்டத்தின் இருட்டுப் பச்சை. அதற்கும் மேலே, சாரலில் பாதி நீலமாகிப்போன மலை. நீர்வண்ணத்தில் நிலக்காட்சி பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடமும் இல்லை, இதைவிடக் கொடுமையான வாத்தியாரும் இல்லை.

இங்கே படம் போட வருகிற புதியவர்கள் என்னிடம் இரண்டு கேள்வி கேட்பார்கள். பச்சையை டியூபில் ரெடியாக வாங்கலாமா, நீலத்தையும் மஞ்சளையும் கலந்து எடுக்கலாமா? தப்பு விழுந்தால் துடைத்து எடுப்பதா, வெள்ளை வைத்து மூடுவதா? நானும் வெகுநாள் இவை இரண்டும் வேறு வேறு என்றுதான் நினைத்திருந்தேன். முதல் கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதிலிலேயே இரண்டாவதன் பதிலும் இருக்கிறது என்பதைப் புளியரை எஸ் வளைவுக்குக் கீழே ஒரு தாளை நாசம் பண்ணித்தான் தெரிந்துகொண்டேன்.

அன்று மலைக்கு தாலோ நீலம் எடுத்தேன். அழகான நிறம், துளி வைத்தால் கிண்ணம் முழுக்க நீலம். மலையைத் தீட்டி முடித்த கையோடு உச்சியில் மேகம் வந்து உட்கார்ந்தது. சரி, அந்த இடத்தைத் துடைத்து வெளுப்பாக்குவோம் என்று ஈரப் பிரஷால் தேய்த்தேன், டிஷ்யூ வைத்து ஒற்றினேன். மேகம் வரவில்லை. வெளிறிய மயில்கழுத்து நிறத்தில் ஒரு கறைதான் வந்தது. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன அண்ணாச்சி, மலைக்குச் சொட்டுநீலம் போட்டுட்டியளா?” என்றார். சரியாகத்தான் சொன்னார்.

தாலோ நீலமும் தாலோ பச்சையும் 1930-களில் சந்தைக்கு வந்த செயற்கை நிறமிகள். துகள் மிகமிக நுண்ணியது. தாளின் நாருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு கிளப்ப முடியாது. அல்ட்ராமரீன் என்ற நீலம் அப்படியல்ல. துகள் பருமனானது, தாளின் குழிகளில் மணல் மாதிரி தங்கும். காய்ந்த பிறகும் ஈரப் பிரஷால் நாலு தடவை வருடினால் பெரும்பாலும் கிளம்பிவிடும். கடையில் விற்கும் ‘சாப் கிரீன்’ டியூபின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். PG7 அல்லது PG36 என்று நிறமிக் குறியீடு இருந்தால் அதற்குள் தாலோ பச்சை ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். ரெடி பச்சை வாங்கும்போது, பெரும்பாலும் துடைக்க முடியாத பச்சையைத்தான் வாங்குகிறோம்.

அதனால் கலந்து எடுப்பதுதான் என் கட்சி. அல்ட்ராமரீனோடு எலுமிச்சை மஞ்சள் சேர்த்தால் அடக்கமான வயல் பச்சை. அதே நீலத்தோடு ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த சூடான மஞ்சள் போனால் ஆலிவ் பக்கம் சாயும், தென்னைக்கு அது போதும். அதில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பை ஒரு நுனி தொட்டால் ரப்பர் தோட்டம். அல்ட்ராமரீனுக்குள் கொஞ்சம் சிவப்புச் சாய்வு இருப்பதால்தான் பச்சை இப்படித் தானாக மங்குகிறது. நம் ஊர் மரங்களுக்கு அந்த மங்கல்தான் பொருத்தம். ரெடி பச்சையை அப்படியே வைத்தால் தென்னந்தோப்பு பிளாஸ்டிக் கடை மாதிரி இருக்கும்.

ஒரு இடத்தில் மட்டும் என் கட்சி தோற்றுப்போகும். நாற்றங்கால் பச்சை அல்ட்ராமரீனில் வராது. தாலோ நீலமும் எலுமிச்சை மஞ்சளும்தான் அந்தப் பளபளப்பைத் தரும். அங்கே நான் முதலில் வெறும் மஞ்சளைப் பூசி, நன்றாகக் காயவிட்டு, வரப்பு எல்லாம் உறுதியான பிறகு கடைசியில் தாலோவை மெலிசாக மேலே ஓட்டுவேன். தப்பு நடக்க வாய்ப்பில்லாத நேரத்தில்தான் அந்த டியூபைத் திறப்பது.

சாம்பலுக்கும் இதே கதைதான். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் கழுதுருட்டியில் நிற்கும் பதிமூணு கண் பாலத்தை, அந்தக் கல் ரயில் பாலத்தை, கறுப்பு டியூபில் போட்டால் கரி பூசின மாதிரி செத்துக் கிடக்கும். கறுப்பு டியூபில் போட்டால் கரி பூசின மாதிரி செத்துக் கிடக்கும். அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த சாம்பலில் வெயில் பட்ட கல்லும் வரும், நிழல் விழுந்த கல்லும் வரும். நீலம் கூடினால் குளிரும், சியன்னா கூடினால் சுடும்.

இனி தப்புக்கு வருவோம். வண்ணம் ஈரமாக இருக்கும்போதே டிஷ்யூவால் ஒற்றுவதற்கு ஈடு எதுவும் இல்லை. சாரல் நாட்களில் தாள் காய ரொம்ப நேரமெடுக்கும். எரிச்சல்தான், ஆனால் திருத்த அவகாசமும் கிடைக்கிறது. அந்தச் சாரலிலேயே இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பாதி காய்ந்த வண்ணத்தில் ஒரு சொட்டு தண்ணீர் விழுந்தால் காலிஃப்ளவர் மாதிரி விளிம்பு விரியும். அப்போது கை வைக்காதீர்கள். முழுக்கக் காயட்டும், பிறகு அந்த விளிம்பை மட்டும் ஈரப் பிரஷால் இளக்குங்கள். வானத்தில் விழுந்தால் நான் அதையும் செய்வதில்லை, அது பாட்டுக்கு மேகமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

வெள்ளை கவாஷ், அதாவது அடியில் இருப்பதை மறைக்கும் கெட்டி நீர்வண்ணம், வைத்து மூடுவது வேகமான வழி. கொக்கு, தூரத்து மின்கம்பி, பாலத்தின் மேல் ஒரு வெளிச்சக் கீற்று என்று சின்ன இடங்களுக்குத் தாராளமாக வைக்கலாம். ஆனால் பெரிய தப்பை மூடினால் அந்த இடம் சுண்ணாம்பு அடித்த சுவராகத் தனியே தெரியும். அதன் மேல் மறுபடி வண்ணம் வைத்தால் கவாஷும் கரைந்து பால் கலந்த மாதிரி ஆகிவிடும். கூரிய பிளேடால் சுரண்டுவது மூன்றாவது வழி, இங்கிலாந்தின் பெரிய நிலக்காட்சி ஓவியர் டர்னரே சுரண்டியவர்தான். தாள் கனமாக, சதுர மீட்டருக்கு 300 கிராம் (ஜிஎஸ்எம்) இருக்க வேண்டும், எலும்பு மாதிரி காய்ந்திருக்க வேண்டும். சுரண்டிய இடத்தில் மறுபடி வண்ணம் வைத்தால் ஊறிப் பரவிவிடும்.

தாள் விஷயத்தில் ஒரு முரண் உண்டு. மரக்கூழ்த் தாளில் வண்ணம் மேலாகவே நிற்பதால் கிளப்புவது சுலபம். ஆனால் இரண்டாம் முறை தேய்த்தாலே பொடிப்பொடியாக உரியும், மேல்பூச்சு வைக்கும்போது அடிப்பூச்சும் கிளம்பி வரும். பருத்தித் தாள் விலை பல மடங்கு. அழுத்தித் தேய்க்க வேண்டும், ஆனால் தாங்கும். வண்ணம் கலக்கப் பழக மரக்கூழ் போதும், தப்பைத் திருத்தப் பழக பருத்திதான்.

அந்த மயில்கழுத்து மலையை நான் கிழித்துப் போடவில்லை. தாளின் மேல் பாதியை வெட்டிவிட்டு, கீழே இருந்த வயலுக்கு மட்டும் சட்டம் போட்டு டீக்கடைக்காரரிடமே கொடுத்தேன். கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார். மலை எங்கே என்று இதுவரை யாரும் கேட்கவில்லையாம். வாசலில் நின்று நிமிர்ந்தால் தெரிகிறதே.