பழைய படகின் பின்பலகையை மாற்ற வெஸ்ட் சிஸ்டம் 105 எப்பாக்சி: ஒரு மதிப்புரை

படகின் பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சினின் எடையையும் உந்துவிசையையும் சேர்த்துத் தாங்குவது அமரத்தில், அதாவது படகின் பின்முனையில், உள்ள பின்பலகை என்பதால், பழைய ஃபைபர் படகை வீட்டில் வைத்துப் புதுப்பிக்க எண்ணுபவர் முதலில் தட்டிப் பார்க்க வேண்டியது அதைத்தான். நான் வாங்கிய படகின் மேற்பூச்சில் குறையே தெரியவில்லை. ஆனால் சுத்தியலின் பிடியால் தட்டியபோது கணீரென்ற ஒலி வர வேண்டிய இடத்தில் பொத்தென்ற ஒலி வந்தது. எஞ்சின் போல்ட்டுகளின் துளைகள் வழியே நீர் இறங்கி, உள்ளிருந்த பிளைவுட் கையால் அள்ளும் அளவுக்கு உளுத்துப் போயிருந்தது. அதை முழுவதுமாகச் சுரண்டி எடுத்து, உட்புறத்தை நன்றாக உலரவிட்ட பிறகு, புதிய மரைன் பிளைவுட்டை வெஸ்ட் சிஸ்டம் என்ற பிராண்டின் 105 எப்பாக்சி ரெசினையும் (பிசின்), அதை இறுகச் செய்யும் 206 ஹார்டனரையும் கலந்து ஒட்டினேன்.

படகு வார்க்கப்பட்டது பாலியெஸ்டர் ரெசினில்தானே, பழுதுக்கும் அதுவே போதாதா என்று கேட்கலாம். ஏற்கெனவே இறுகிவிட்ட பழைய ஃபைபரிலும் மரத்திலும் எப்பாக்சி பற்றுகிற அளவுக்குப் பாலியெஸ்டர் பற்றுவதில்லை. பின்பலகை அதிர்வை ஓயாமல் வாங்கும் இடம் என்பதால் இங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இந்த ரெசினில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் அளவு பம்புதான். கன அளவில் 5 பங்கு ரெசினுக்கு 1 பங்கு ஹார்டனர் என்பது விகிதம். இரண்டு பம்புகளையும் ஒவ்வொரு முறை முழுமையாக அழுத்தினால் அந்த விகிதம் தானாகவே அமைந்துவிடுகிறது. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டுவது பெருந்தவறு, ஏனெனில் விகிதம் பிசகினால் கலவை முழுமையாக இறுகாது. வேகம் வேண்டுமானால் 205 ஹார்டனர் இருக்கிறது, ஆனால் பெரிய பலகையை ஒட்டுவதற்கு நிதானமான 206-தான் ஏற்றது. 206 சேர்த்த கலவைகூட ஆழமான கோப்பையில் தேங்கி நின்றால் தன் வெப்பத்தாலேயே கொதித்துவிடும். ஒரு முறை கலவையை அப்படியே வைத்துவிட்டுப் பலகையைச் சரிபார்க்கப் போன நான், திரும்பியபோது புகையைத்தான் கண்டேன். அதன் பிறகு அகலமான தட்டில் பரப்பி வைத்தே வேலை செய்தேன். கையுறையும் நல்ல காற்றோட்டமும் கட்டாயம்.

பலகையை இறுக்கும்போது கிளாம்ப்பை வலுவாக முடுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியேறி இணைப்பு வறண்டுவிடும். ஓரங்களில் சீராகக் கசிந்தால் போதும். இறுகிய பரப்பில் மெழுகு போன்ற ஒரு படலம் படியலாம். தேய்ப்பதற்கு முன்பே அதை வெறும் நீராலும் சொரசொரப்பான பஞ்சாலும் கழுவிவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த பூச்சு பிடிக்காது. மேலே போர்த்தும் கண்ணாடி இழையிலும் கவனம் தேவை: நெய்யாமல் இழைத் துண்டுகளைப் பாய் போல ஒட்டிய சாதாரண ‘மேட்’ (mat) வகையில் உள்ள பிணைப்புப் பொடி பாலியெஸ்டரில் கரையுமே தவிர எப்பாக்சியில் கரையாது என்பதால், நெய்த துணியே பொருத்தமானது. எப்பாக்சி வெயிலில் சிதையும், ஆகவே இறுதியில் பெயின்ட் அவசியம்.

எஞ்சின் போல்ட்டுகளுக்கு வேண்டியதைவிடப் பெரிய துளைகளை இட்டு, 406 சிலிக்காப் பொடி கலந்து கெட்டியாக்கிய எப்பாக்சியால் அவற்றை அடைத்து, இறுகிய பின் நடுவில் சரியான அளவில் மீண்டும் துளையிட்டேன். இப்போது போல்ட்டைச் சுற்றிலும் இருப்பது எப்பாக்சி மட்டுமே. கசிவு ஏற்பட்டாலும் நீர் மரத்தைத் தொடாது.