குழந்தையின் மகரந்த ஒவ்வாமை: சிரப்பா, மூக்கு ஸ்பிரேயா?

மகரந்தப் பருவம் தொடங்கியதும் ஓயாமல் தும்மும் குழந்தைக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் பரிந்துரைப்பவை இரண்டு: ஆன்டிஹிஸ்டமின் (ஒவ்வாமையைத் தணிக்கும் மருந்து) சிரப், ஸ்டீராய்டு (அழற்சியைக் குறைக்கும் மருந்து) மூக்கு ஸ்பிரே. எங்கள் மகளுக்கு ஸ்பிரேயைத் தேர்ந்தெடுத்தோம்; ஆகவே இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

சிரப்பின் வசதியை விளக்கத் தேவையில்லை. ஓரிரு மணி நேரத்தில் தும்மலும் அரிப்பும் அடங்கும். செட்டிரிசின், லோரட்டடின் போன்ற புதிய வகை மருந்தாக இருப்பது நல்லது. குளோர்பெனிரமின் போன்ற பழைய மருந்துகள் தூக்கத்தை வரவழைத்து, வகுப்பில் கவனத்தைக் குலைத்துவிடும். ஆனால் மூக்கடைப்பைச் சிரப் அவ்வளவாகத் தீர்ப்பதில்லை. எங்கள் மகளின் இரவுத் தூக்கத்தைக் கெடுத்ததோ அந்த அடைப்புதான்.

புளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்பிரேக்கள் மூக்கின் உட்சவ்வில் உள்ள அழற்சியையே குறைப்பதால் அடைப்பு, ஒழுகல், தும்மல் மூன்றும் தணிகின்றன. ஸ்டீராய்டு என்றதும் பெற்றோருக்கு எழும் அச்சம் இயல்பானதே. எனினும் இவை ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. தொடர்ந்து பயன்படுத்தும் குழந்தைக்குத் தேவையான மிகக் குறைந்த அளவையே கொடுத்து, வளர்ச்சி குறையவில்லை என்று உறுதிசெய்ய உயரத்தையும் மருத்துவர்கள் அவ்வப்போது அளந்து பார்ப்பார்கள்.

உண்மையில் முடிவைத் தீர்மானிப்பது, இந்த மருந்தை ஒழுங்காகத் தொடர வீட்டில் முடியுமா என்பதுதான். ஸ்பிரேயின் முழுப் பலன் தெரியச் சில நாட்கள், சிலருக்கு 2 வாரங்கள்கூட ஆகலாம் என்பதால், மூன்றாம் நாளே ‘இது வேலை செய்யவில்லை’ என்று நிறுத்திவிடும் வீட்டில் அது வீண் செலவு. பருவம் தொடங்குவதற்கு ஓரிரு வாரம் முன்பே ஆரம்பித்து, பல் துலக்கும் நேரத்தோடு சேர்த்துவிட்டால் மறக்காது. அடிக்கும் முறையும் முக்கியம்: தலையைச் சற்றுக் குனிந்து, நுனியை மூக்கின் நடுச்சுவரை நோக்காமல் காதுப் பக்கமாகச் சாய்த்து அடித்து, மென்மையாக மூச்சிழுக்க வேண்டும். நடுச்சுவரில் தொடர்ந்து பட்டால் ரத்தம் கசியலாம். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும்.

எங்கள் மகளுக்குக் கண் அரிப்பு அதிகமில்லை என்பதால், கண்ணே முதன்மையாகப் பாதிக்கப்படும் குழந்தைகளுக்கு என் சாய்வு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். அவர்களுக்குச் சிரப்போ கண் சொட்டு மருந்தோ கூடுதலாகத் தேவைப்படலாம். இரவு இருமலோ மூச்சிரைப்போ சேர்ந்திருந்தால், ஆஸ்துமா உள்ளதா என்பதை மருத்துவரிடம் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.