செங்கல்லில் தேக்கும் வெப்பத்துக்கு எது காவல்: காப்புரிமையா, வணிக இரகசியமா, வெளியீடா?

மலிவாக மின்சாரம் கிடைக்கும் வேளையில் அதை வெப்பமாக மாற்றி, செங்கல்லிலோ கிராஃபைட்டிலோ உருகிய உப்பிலோ தேக்கி வைத்து, தேவைப்படும்போது நீராவியாகவோ சூடான காற்றாகவோ மின்சாரமாகவோ திரும்ப எடுக்கும் தொழில்நுட்பத்தில் இறங்கும் நிறுவனத்தின் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறலாம். வணிக இரகசியமாகப் பூட்டி வைக்கலாம். வேறு யாரும் உரிமை கோர முடியாதபடி தானே வெளியிட்டுவிடலாம். காப்புரிமை பெற்று அதைப் பிறருக்குத் திறந்தும் விடலாம். மருந்துத் துறையிலோ மென்பொருள் துறையிலோ எடுபட்ட விடையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் அது பொருந்தாது. இத்துறையில் பொருட்கள் பழையவை, ஆலைகள் நீண்டகாலம் உழைப்பவை, உண்மையான அறிவு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பது. இந்த மூன்றும் சேர்ந்து வழிகளின் தரவரிசையையே மாற்றிவிடுகின்றன.

பொருட்களின் பழைமையிலிருந்து தொடங்குவோம். இரும்பு உலைக்குச் செல்லும் காற்றைச் செங்கல் அடுக்குகளில் தேக்கிய வெப்பத்தால் சூடாக்கும் அடுப்புக்கு எட்வர்ட் ஆல்ஃபிரட் கௌப்பர் 1857-இல் காப்புரிமை பெற்றார். அதே தத்துவத்தில் இயங்கும் அடுப்புகள் இன்றும் இரும்பாலைகளில் 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் காற்றைச் சூடாக்குகின்றன. சூரிய வெப்ப நிலையங்களின் உப்புக் கலவையும் அப்படித்தான். 60 விழுக்காடு சோடியம் நைட்ரேட்டும் 40 விழுக்காடு பொட்டாசியம் நைட்ரேட்டும் சேர்ந்த அந்தக் கலவையைக் கலிஃபோர்னியாவின் சோலார் டூ நிலையம் 1996 முதல் 1999 வரை இயக்கிக் காட்டியது. 2011-இல் தொடங்கிய ஸ்பெயினின் ஹெமாசோலார் நிலையம் அதைக் கொண்டே 15 மணிநேரச் சேமிப்பை எட்டியது. ஆகவே ‘செங்கல்லில் வெப்பத்தைச் சேமித்தல்’ என்றோ ‘நைட்ரேட் உப்பில் சேமித்தல்’ என்றோ அகலமாக யாரும் உரிமை கோர முடியாது. பொருளின் கூட்டுவிகிதத்தைச் சற்று மாற்றி அதற்கு உரிமை கேட்பவர்களும், உயர் வெப்பம் தாங்கும் தீச்செங்கல் துறையின் நூறாண்டுக் கால நூல்களும் பட்டியல்களும் தங்களுக்கு எதிராக எடுத்து வைக்கப்படும் என்பதை முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும்.

எனவே காப்புரிமைக்கு வலு இருக்கும் இடம் பொருள் அன்று, அமைப்பு. செங்கல் அடுக்கின் துளைகள் ஊடே காற்றைச் செலுத்தி வெப்பத்தை எடுக்கும்போது நிகழ்வதைப் பார்த்தால் இது விளங்கும். காற்று சூடாகச் சூடாக அதன் பாகுத்தன்மை கூடுகிறது, அடர்த்தி குறைகிறது. அதனால் அதிகம் சூடேறிய துளை வழியே குறைவான காற்றே ஓடுகிறது. குறைவாக ஓடுவதால் அந்தத் துளை மேலும் சூடாகவே நிற்கிறது. பக்கத்துத் துளையோ விரைந்து குளிர்ந்துவிடுகிறது. நாளுக்கு ஒருமுறை வெப்பத்தை ஏற்றி இறக்கும் ஆலையில் இந்த ஏற்றத்தாழ்வு தேங்கிக்கொண்டே போனால் செங்கல் விரிசல் விடும், சூடேற்றும் கம்பி எரிந்துபோகும். இதைத் தடுக்கத் துளைகளின் வடிவத்தை மாற்றுவது, இடையிடையே வெற்றறைகள் விட்டுக் கதிர்வீச்சால் வெப்பத்தைச் சமன்செய்வது, கம்பி செங்கல்லைத் தொடாமல் தூர நின்று சூடாக்கும்படி வைப்பது என்று பல தீர்வுகள் உண்டு. அவை எல்லாமே வரைபடத்தில் காட்டத்தக்கவை. ஆலையைப் பிரித்துப் பார்ப்பவருக்குத் தெரிபவை. போட்டியாளர் பின்பற்றினால் நிரூபிக்கத்தக்கவை. இரகசியமாக வைத்தாலும் முதல் ஆலை விற்கப்பட்ட அன்றே வெளிப்பட்டுவிடக்கூடிய இவற்றுக்குக் காப்புரிமையைத் தவிர வேறு காவல் இல்லை.

அந்தக் காப்புரிமையின் உரிமைக்கோரலை, அதாவது எது வரை தன் உரிமை என்று வரையறுக்கும் வாசகத்தை, எழுதும் விதத்தில் பெரும்பாலும் போதிய கவனம் செலுத்தப்படுவதில்லை என்பது என் கருத்து. ‘1,200 டிகிரிக்கு மேல் சூடாக்கப்படும் சேமிப்புத் தொகுதி’ என்று எழுதிவிட்டால், அந்த 1,200 டிகிரி கம்பியின் மேற்பரப்பிலா, செங்கல்லின் நடுவிலா, வெளியேறும் காற்றிலா என்ற கேள்வி எழும். மூன்றிடத்திலும் தெர்மோகப்பிள் என்னும் வெப்பநிலை அளக்கும் கருவியை வைத்தால் மூன்று அளவுகள் வரும். வேறுபாடு நூறு டிகிரியைத் தாண்டுவதும் அரிதன்று. எதிராளி தன் ஆலையில் 1,150 டிகிரியே வருகிறது என்று காட்டித் தப்பிவிடுவார். வெப்பநிலை எண்ணைத் துணைக் கோரல்களுக்கு ஒதுக்கிவிட்டு, முதன்மைக் கோரலை வடிவத்தின் மீதும் வெப்பம் செல்லும் பாதையின் மீதும் நிறுத்துவதே பாதுகாப்பானது.

கால அளவில்தான் காப்புரிமை இத்துறையில் தள்ளாடுகிறது. அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் உடன்படிக்கைப்படி குறைந்தபட்சப் பாதுகாப்பு விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகள். ஆய்வகத்தில் ஒரு தொகுதியைச் சூடாக்கிப் பார்த்தவுடன் விண்ணப்பித்தால், முன்னோடி ஆலை கட்டி, கடன் கொடுப்பவரை நம்பவைத்து, முதல் பெரிய ஆலையை இயக்குவதற்குள் அந்த இருபதில் கணிசமான பகுதி கரைந்துவிடும். 25, 30 ஆண்டுகள் உழைக்க வேண்டிய ஆலை பாதி வயதில் இருக்கும்போதே காப்புரிமை காலாவதியாகும். பின்னர் மேம்படுத்தல்களுக்குத் தனித்தனியே விண்ணப்பிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் முதல் விண்ணப்பம் முன்னுரிமை நாளிலிருந்து, அதாவது முதன்முதலில் பதிவான நாளிலிருந்து, 18 மாதங்களில் வெளியாகிவிடும், அதன்பின் அதுவே தன் சொந்த மேம்படுத்தலுக்கு எதிரான சான்றாக நிற்கும். ஆகையால் முதல் ஆவணத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிடாமல் இருப்பதும், அதே வேளையில் கோரலைத் தாங்கும் அளவுக்குப் போதுமான விவரம் தருவதும் நுட்பமான சமநிலை. சர்வதேசக் காப்புரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கையின் வழியே சென்றால் நாடு நாடாகச் செலவழிக்கும் முடிவைப் பொதுவாக 30 மாதங்கள் வரை தள்ளிப்போடலாம்; முன்னோடி ஆலையின் முதல் முடிவுகள் வருவதற்கு அந்த அவகாசம் பெரிதும் உதவும்.

வணிக இரகசியத்தின் இடம் இதற்கு நேர் எதிர்ப்பக்கம். செங்கல்லைச் சுட்டெடுக்கும் முறையும் முதல் சூடேற்றத்தின் கால அட்டவணையும் அதற்குச் சரியான உதாரணங்கள். செங்கல்லில் படிகச் சிலிக்கா இருந்தால், 573 டிகிரியில் குவார்ட்ஸ் தன் படிக அமைப்பை மாற்றிக்கொண்டு திடீரென விரிவடைகிறது. அந்த எல்லையை எந்த வேகத்தில் கடப்பது, ஈரத்தை வெளியேற்ற எந்த வெப்பநிலையில் எத்தனை மணிநேரம் நிறுத்துவது என்பதில்தான் ஆயிரக்கணக்கான சுழற்சிகள் தாங்கும் அடுக்குக்கும் முதல் ஆண்டிலேயே பொடியும் அடுக்குக்கும் உள்ள வேறுபாடு அடங்கியிருக்கிறது. முடிந்த செங்கல்லை எத்தனை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாலும் இந்த அட்டவணையை முழுமையாகப் படித்துவிட முடியாது. காப்புரிமைக்கு விண்ணப்பித்தால் அதை எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்த பிறகு, போட்டியாளர் தன் ஆலையின் கதவுக்குப் பின்னால் அதையே செய்கிறார் என்று நிரூபிப்பது மிகக் கடினம். செய்முறைக் காப்புரிமையில் நிரூபிக்கும் சுமையை எதிராளி மீது மாற்ற டிரிப்ஸ் வழிசெய்தாலும், அதற்கு விளைபொருள் புதியதாக இருப்பது போன்ற நிபந்தனைகள் உண்டு; பார்வைக்கும் பகுப்பாய்வுக்கும் வழக்கமான தீச்செங்கல்லாகவே இருக்கும் ஒன்றுக்கு அந்தச் சலுகை கிடைப்பது அரிது.

ஆனால் இரகசியம் செலவில்லாத வழி என்று நினைப்பது தவறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016-ஆம் ஆண்டு வணிக இரகசிய நெறிமுறையும் அதே ஆண்டு அமெரிக்கா இயற்றிய சட்டமும், இரகசியத்தைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுத்தவருக்கே பாதுகாப்பு அளிக்கின்றன. யாரேனும் விலைக்கு வாங்கிய பொருளைப் பிரித்தாய்ந்து தானே கண்டறிந்தால் அதை இரண்டும் குற்றமாகக் கருதுவதில்லை. இரகசியத்தை முதலில் தேர்ந்துவிட்டுப் பிறகு மனம் மாறிக் காப்புரிமைக்குப் போகலாம் என்ற எண்ணம் அமெரிக்காவில் எடுபடாது. இரகசிய ஒப்பந்தத்தின் கீழ் நடந்த விற்பனையும் பின்னால் கோரும் காப்புரிமையைத் தடுக்கும் விற்பனையே என்று 2019-இல் ஹெல்சின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரகசியச் செய்முறையில் உண்டான பொருளை விற்று ஓராண்டுக்கு மேல் ஆனபின் அந்தச் செய்முறைக்குக் காப்புரிமை கோர முடியாது என்று 2024-இல் செலனீஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. முதல் செங்கல் வண்டி ஏறுமுன்பே இந்த முடிவை எடுத்துவிட வேண்டும் என்பதே இதன் நடைமுறைப் பொருள்.

இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. நாம் மறைத்து வைத்திருக்கும் முறையையே இன்னொருவர் சுயமாகக் கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்றுவிடலாம். முன்பே பயன்படுத்தி வந்தவர் தொடர்ந்து பயன்படுத்த இடம் தரும் முன்பயன்பாட்டு உரிமை ஓரளவு காக்கும். ஜெர்மனியில் விண்ணப்ப நாளில் பயன்பாடு நடந்துகொண்டிருந்தாலோ அதற்கான ஏற்பாடுகள் செய்யப்பட்டிருந்தாலோ போதும், அமெரிக்காவில் பொதுவாக ஓராண்டுக்கு முன்பே வணிகப் பயன்பாடு இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த உரிமை நாட்டின் எல்லையோடு நின்றுவிடும், அதை எளிதில் விற்கவும் முடியாது. பல நாடுகளில் ஆலை கட்ட விரும்பும் நிறுவனத்துக்கு அது அரைக் காவல்தான்.

மூன்றாவது வழியான வெளியீடு, இவ்விரண்டுக்கும் இடையில் விழும் துண்டுகளுக்கு உரியது. துளை வடிவத்தின் இருபது மாற்றுருவங்கள், உப்புத் தொட்டியின் அடித்தள அமைப்பு, கம்பிகளை மாற்றும் முறை போன்றவை தனித்தனியே காப்புரிமைச் செலவுக்குத் தகுதியில்லாதவை. ஆயினும் போட்டியாளர் கையில் போனால் நம் கழுத்தில் கயிறாகும். அவற்றைத் தேதியோடு, தேடினால் கிடைக்கும் இடத்தில் வெளியிட்டுவிடுவது மலிவானது. ஐரோப்பாவில் விண்ணப்பதாரரின் சொந்த வெளியீட்டுக்குக்கூட, வெளியிட்ட பிறகு விண்ணப்பிக்க இடம் தரும் பொதுவான சலுகைக் காலம் கிடையாது என்பதால், முக்கியமான விண்ணப்பம் பதிவான பின்னரே இதைச் செய்ய வேண்டும்.

நான்காவது வழியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2008 முதல் 2016 வரை இயங்கிய சூழல் காப்புரிமைப் பொதுமன்றத்தில் பெரிய நிறுவனங்கள் தங்கள் காப்புரிமைகளைத் திறந்துவிட்டன. ஆனால் அதனால் அத்தொழில்நுட்பங்கள் கூடுதலாகப் பரவின என்று காட்டும் தடயம் கிடைக்கவில்லை. வெப்பச் சேமிப்பில் ஆவணத்தை மட்டும் திறந்துவிட்டால், சூடேற்ற அட்டவணை இல்லாமல் அதை வாங்கியவர் ஆலையை ஓட்ட முடியாது. காலநிலைக்காக இத்தொழில்நுட்பம் விரைந்து பரவ வேண்டும் என்று உண்மையாக விரும்புபவர்கள், செய்முறை அறிவையும் சேர்த்துக் கொடுக்கும் உரிம ஒப்பந்தத்தை நியாயமான கட்டணத்தில் தருவதே பயனுள்ளது என்று நான் கருதுகிறேன்.

எந்த வழி சிறந்தது என்பதை ஆலையை விற்கிறோமா, வெப்பத்தை விற்கிறோமா என்ற கேள்வியும் மாற்றிவிடுகிறது. ஆலையை விற்றால் அது வாங்கியவரின் கைக்குப் போகிறது. பிரித்துப் பார்க்கலாம், பழுதுபார்ப்பவரை அழைக்கலாம், இரகசியம் கசியும், ஆகவே காப்புரிமைப் பக்கம் சாய வேண்டும். ஆலையின் உடைமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு நீராவியை மட்டும் நீண்டகால ஒப்பந்தத்தில் விற்கும் நிறுவனம், பூட்டிய கதவுக்குப் பின்னால் இரகசியத்தை நெடுங்காலம் காக்கலாம். அங்கேயும் இயக்கத் தரவு சிக்கலானது. எந்தச் சுழற்சியில் எந்தக் கம்பி தேய்ந்தது, எந்த அடுக்கில் வெப்பநிலை பிசகியது என்ற பதிவுகளே பல ஆண்டுகளில் இந்நிறுவனங்களின் மிகப்பெரிய சொத்தாகின்றன. இணைப்புள்ள சாதனம் உருவாக்கும் தரவைப் பயனரும் கேட்டுப் பெற 2025 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுச் சட்டம் வழிசெய்கிறது. வணிக இரகசியம் என்று அடையாளம் காட்டி, காக்கும் ஏற்பாடுகளை முன்பே ஒப்புக்கொண்டால்தான் அதைக் கட்டுப்பாட்டுடன் தர முடியும்.

முன்னோடி ஆலை பெரும்பாலும் வாடிக்கையாளரின் வளாகத்தில், பல்கலைக்கழகமோ அரசு நிதியோ பங்கெடுக்க, கட்டப்படுகிறது. அங்கே பிறக்கும் மேம்படுத்தல் யாருக்குச் சொந்தம், சோதனை முடிவுகளை ஆய்வாளர் எத்தனை மாதம் கழித்து வெளியிடலாம், வாடிக்கையாளரின் பொறியாளர் சொன்ன யோசனை எவர் பெயரில் பதிவாகும் ஆகிய மூன்றையும் கட்டுமானம் தொடங்குமுன் எழுதி வைக்காத நிறுவனத்துக்கு, மேலே சொன்ன நான்கு வழிகளில் எதையும் தேர்ந்தெடுக்கும் சுதந்திரமே பிறகு இருக்காது.