வெப்சைட்டா, யூடியூபா, டெலிகிராமா? அஃபிலியேட்டில் மூன்றிலும் கை சுட்டவனின் கணக்கு

அஃபிலியேட் ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன், எதில் இறங்கலாம் என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் கமிஷன் பட்டியலை எடுத்து நீட்டுவேன். மிக்சிக்கு இத்தனை சதவீதம், செருப்புக்கு இத்தனை, ஹோஸ்டிங்குக்கு, அதாவது வெப்சைட்டை வைக்க வாடகைக்கு எடுக்கும் இடத்துக்கு, டாலரில் இத்தனை என்று. இப்போது அதைச் செய்வதில்லை. கோயம்புத்தூரில் ஒரு வேலையில் இருந்துகொண்டே ஆறு வருடம் வெப்சைட், யூடியூப், டெலிகிராம் என்று மூன்று வழியிலும் ஓட்டிப் பார்த்தாயிற்று. மூன்றிலும் காசு வந்தது, மூன்றிலும் ஒரு நாள் நின்றது. நின்ற அன்றைக்குக் கையில் என்ன மிஞ்சியது என்று பார்த்தால்தான் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறது. அந்தக் கணக்கை வைத்தே ஒப்பிடுகிறேன்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வரி: நீங்கள் கொடுக்கும் லிங்கில் உங்கள் பெயருக்கு ஒரு டேக் ஒட்டியிருக்கும், அதைத் தட்டி உள்ளே போனவர் ஏதாவது வாங்கினால் உங்களுக்குப் பங்கு. அமேசானில் அந்தத் தட்டலுக்கு ஆயுள் 24 மணி நேரம். அதற்குள் கார்ட்டில் போட்டுவிட்டால் 90 நாள் வரை தாங்கும். அந்த 24 மணி நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பல விஷயங்கள் அதைச் சுற்றித்தான் வரும்.

முதலில் வெப்சைட். 2018 பிப்ரவரியில் கூகுளின் விளம்பரத் திட்டமான ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டதும் நம்மில் பல பேர் திடுதிப்பென்று எழுத்தாளர் ஆனோமே, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். ஊர் கோயம்புத்தூர், புவிசார் குறியீடு வாங்கிய வெட் கிரைண்டர் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது, அதனால் கிரைண்டர், மிக்சி, இண்டக்ஷன் அடுப்பு என்று எழுத ஆரம்பித்தேன். ஒரு கட்டுரைக்கு மூன்று இரவு போகும். மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. சேர்ந்து 180 நாளில் 3 விற்பனையாவது ஆகாவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள் என்பது அமேசான் விதி. அந்தப் பயத்தில் மச்சானைப் பிடித்து என் லிங்க் வழியாக ஒரு குக்கர் வாங்க வைத்தேன். சொந்தக்காரர்களுக்காக வாங்குவது கணக்கில் சேராது என்பதும் அதே விதிமுறையில் இருக்கிறது. படிக்காதது என் தப்பு. குக்கர் இன்னும் மச்சான் வீட்டில் நன்றாக விசில் அடிக்கிறது.

இன்னொன்றும் எதிர்பார்க்கவில்லை. கிரைண்டரை நம் ஆட்கள் படத்தைப் பார்த்து வாங்க மாட்டார்கள். கட்டுரையை முழுசாகப் படிப்பார்கள், இரண்டு மாடலைக் குறித்துக்கொள்வார்கள், அப்புறம் கடைக்குப் போய்க் கல்லைத் தட்டிப் பார்த்து வாங்குவார்கள். ஒருவர் எனக்கு எழுதியிருந்தார்: "உங்க கட்டுரையைக் கடைக்காரர்கிட்ட காட்டி 400 ரூபாய் குறைச்சேன் சார், ரொம்ப நன்றி." எனக்கு வந்தது அந்த நன்றி மட்டும். ஆனால் ரிப்போர்ட்டைத் திறந்தால் வேறு வேடிக்கை. கிரைண்டர் லிங்க்கைத் தட்டிப் போனவர் கிரைண்டரை விட்டுவிட்டு டயப்பர், மொபைல் கவர், நாய்க்குச் சோறு என்று எதையெதையோ வாங்கியிருப்பார். 24 மணி நேரத்துக்குள் என்பதால் அதற்கும் பங்கு உண்டு. முதல் இரண்டு வருடம் என் கிரைண்டர் வெப்சைட் உயிரோடு இருந்ததே டயப்பர் புண்ணியத்தில்தான்.

வெப்சைட்டின் பலவீனம் எல்லாருக்கும் தெரிந்தது, தேடலை நம்பி இருப்பது. 2022 ஆகஸ்டில் கூகுள், படிப்பவருக்கு உதவாத பக்கங்களைத் தேடலில் கீழே தள்ள ஹெல்ப்ஃபுல் கன்டென்ட் அப்டேட் என்று ஒன்று கொண்டுவந்தது, 2023 செப்டம்பரில் அதன் இன்னொரு சுற்று. 2024 ஆகஸ்டில் இந்தியாவிலும் தேடலின் உச்சியில் ஏஐ பதில் வந்து உட்கார்ந்தது. இடையில் ஒரு கட்டத்தில் என் பக்கத்துக்கு வரும் கூட்டமும் வடிந்துவிட்டது. ஒரு மாதம் யாரை யாரையோ திட்டிக்கொண்டிருந்துவிட்டு, பழைய கட்டுரைகளை வாசகனாக உட்கார்ந்து படித்தேன். "சிறந்த 11 மிக்சிகள்" என்று ஒரு கட்டுரை. பதினொன்றில் நான் கையால் தொட்டது மூன்று. மிச்ச எட்டும் பெட்டியில் அச்சடித்திருக்கும் வாட்ஸ் கணக்கையும், வாங்கியவர்கள் எழுதிய விமர்சனங்களையும் பார்த்து அளந்துவிட்டது. "சத்தம் மிகக் குறைவு" என்று எட்டுக்கும் எழுதியிருக்கிறேன். சத்தம் குறைந்த மிக்சி என்று உலகத்தில் ஒன்று உண்டா?

ஆனாலும் வெப்சைட்டில் மிஞ்சியது அதிகம். எழுதியதைத் திருத்த முடியும். அந்த எட்டைத் தூக்கினேன், மூன்றை மட்டும் வைத்துப் புதிதாக எழுதினேன், ஜார் கப்ளிங் எத்தனை மாதத்தில் தேய்ந்தது, ஊரில் எந்தக் கடையில் மாற்றினேன் என்பது வரை. பழைய கூட்டம் திரும்பவில்லை. வருகிறவர்கள் கடைசி வரி வரை படிக்கிறார்கள்.

யூடியூப் இதற்கு நேர் எதிர். எனக்குக் கேமரா முன்னால் நிற்க வராது, அதனால் அம்மாவின் கையை மட்டும் காட்டி எடுத்தேன். ஊற வைத்த உளுந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவது, தண்ணீரைக் கையில் அள்ளித் தெளிப்பது, மாவு பொங்கி விளிம்பு வரை வரும்போது "போதும் நிறுத்து" என்று சொல்வது. எழுத்தில் மூன்று இரவு எழுதிப் புரிய வைக்க முடியாதது நாலு நிமிடத்தில் புரிந்துவிட்டது. ஒரு வீடியோவின் ஆயுளும் அதிகம், மூன்று வருடத்துக்கு முன்னால் போட்டதை இன்றைக்கும் யாரோ பார்க்கிறார்கள்.

அந்த நீண்ட ஆயுள்தான் தொந்தரவும். கம்பெனிக்காரர்கள் மாடலை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். வீடியோவில் நான் புகழும் கிரைண்டர் இன்று தயாரிப்பிலேயே இல்லை. லிங்க்கைத் தட்டினால் "தற்போது கிடைப்பதில்லை" என்று வருகிறது. வெப்சைட்டாக இருந்தால் இரண்டு வரியை மாற்றலாம், யூடியூபில் போட்ட வீடியோவை வெட்டலாமே தவிர அதே முகவரியில் புது வீடியோவை மாற்றி வைக்க முடியாது. டிஸ்கிரிப்ஷனை விரித்துப் பார்ப்பவர்களும் ரொம்பக் குறைவு, லிங்க்கைக் கமென்டில் போட்டு, அதை எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும்படி 'பின்' (pin) செய்த பிறகுதான் என் கிளிக் கொஞ்சம் ஏறியது. பார்க்கிறவர்களில் சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, கனடா என்று பாதி உலகம் இருக்கிறது. அவர்களுக்கு இந்திய லிங்க்கால் என்ன பிரயோஜனம்? இலங்கைக்கும் மலேசியாவுக்கும் என்று தனி அமேசானே கிடையாது. பார்வை எண்ணிக்கையைப் பார்த்து வருமானத்தைக் கனவு கண்டவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் ஆட்கள் எந்த ஊரிலிருந்து பார்க்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

யூடியூபில் நான் நின்றது என் சோம்பலால். அம்மாவுக்கு முழங்கால் வலி வந்தது, வீடியோ எடுப்பது நின்றது. வருமானம் உடனே விழவில்லை, மெல்ல இறங்கியது. மிஞ்சியது அம்மாவை விசாரிக்கும் சில ஆயிரம் பேர். அவர்களிடம் நாளைக்கு ஒரு நல்ல தோசைக்கல்லைக் காட்டினாலும் பார்ப்பார்கள்.

அடுத்தது டெலிகிராம். வேகமாகக் காசு வந்தது இதில்தான். டீல் சானல், அவ்வளவுதான். எங்கே விலை குறைந்தது என்று பார்க்க வேண்டும், டேக் ஒட்டிய லிங்க்கைப் போட வேண்டும், இரண்டு தீப்பொறி படம், "சீக்கிரம்!" என்று ஒரு வார்த்தை. பண்டிகை விற்பனை நாட்களில், அந்தச் செப்டம்பர் அக்டோபர் வாக்கில், வெப்சைட் ஒரு வருடம் கொடுத்ததை டெலிகிராம் ஒரு வாரத்தில் கொடுத்தது. விற்பனை நள்ளிரவில் தொடங்கும். பன்னிரண்டு மணிக்குக் கழிப்பறைக்குள் போனோடு உட்கார்ந்து லிங்க் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், வெளியே மனைவி கதவைத் தட்டி "உடம்புக்கு முடியலையா?" என்று கேட்கிறார். என்ன சொல்வது?

அப்படிக் கண் விழித்துப் போட்ட டீலை இரண்டே நிமிடத்தில் வேறொரு சானல் எடுத்து, என் டேக்கைக் கழற்றித் தன் டேக்கை மாட்டிப் போட்டுவிடும். அதற்கென்றே தானாக வேலை செய்யும் 'பாட்' (bot) மென்பொருள்கள் இருக்கின்றன. கோபப்பட்டேன், அப்புறம் நானும் அப்படி ஒரு 'பாட்' வாங்கி அதையே செய்தேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. கடைசியில் பார்த்தால் ஒரே டீல் நூறு சானலில் சுற்றுகிறது, யாரும் அந்தப் பொருளைப் பார்த்தது கிடையாது, "எம்ஆர்பியில் 80 சதவீதம் தள்ளுபடி" என்று எல்லாரும் கத்துகிறோம், அந்த எம்ஆர்பிக்கு அந்தப் பொருள் என்றைக்காவது விற்றதா என்று ஒருவருக்கும் தெரியாது. நான் போட்ட ஒரு ஏர் ஃப்ரையரைப் பக்கத்து வீட்டு அக்கா வாங்கினார். இரண்டு முறை அப்பளம் பொரித்ததோடு அது பரண் ஏறிவிட்டது. ஒவ்வொரு தீபாவளிக்கும் பரண் சுத்தம் செய்யும்போது என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

கடைகளுக்கும் நமக்கும் நடுவில் நின்று கமிஷன் தரும் ஒரு அஃபிலியேட் நெட்வொர்க் என் கணக்கை நிறுத்தியபோது சானல் அன்றைக்கே செத்தது. சானலின் பெயரை அவர்களிடம் பதிவு செய்யாமலே லிங்க் போட்டு வந்திருக்கிறேன், தப்பு என் பக்கம்தான். மிஞ்சியது என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. போன மாதத்து டீலைப் போய் யார் படிப்பார்கள்? உறுப்பினர்கள் எனக்காக வந்தவர்களும் இல்லை, விலைக்காக வந்தவர்கள். அடுத்த சானலுக்கு அன்றிரவே போயிருப்பார்கள். தூக்கம் மட்டும் திரும்பி வந்தது.

இந்த மூன்றையும்விட அதிகமாக உறுத்துவது கமிஷன் பெரியதா சிறியதா என்று நான் எடுத்த ஒரு முடிவு. 3,500 ரூபாய் மிக்சிக்கு 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 175 ரூபாய். ரிட்டர்ன் வந்தால் அதுவும் போச்சு. அதே நேரத்தில் ஒரு வெளிநாட்டு ஹோஸ்டிங் கம்பெனி ஒரே ஆளைச் சேர்த்துவிட்டால் ஆயிரக்கணக்கில் தருகிறது. கணக்குப் போட்டேன், இருபது மிக்சி விற்பதற்கு ஒரு ஹோஸ்டிங் போதும். "தமிழில் வெப்சைட் தொடங்க சிறந்த ஹோஸ்டிங்" என்று ஒரு கட்டுரை. முதல் இடம் யாருக்கு? அதிகக் கமிஷன் தருபவருக்கு. இரண்டாம் இடம் அடுத்தவருக்கு. நான் பயன்படுத்தியது நாலாவது இடத்தில் இருந்தது, ஏனென்றால் அவர்கள் சில்லறைதான் தருவார்கள்.

ஹோஸ்டிங் தொழிலில் முதல் வருட விலை ஆசை காட்டுவதற்கு, ரெனியூவல் விலைதான் நிஜ விலை. எனக்கு அது தெரியும். கட்டுரையில் அடியில் ஒரு வரியில் அடக்கினேன். ஒரு வருடம் கழித்துத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரிப் பையன் மெசேஜ் அனுப்பினான். "அண்ணா, ரெனியூவலுக்கு மூணு மடங்கு கேக்கறாங்க. நீங்களும் இதைத்தான் யூஸ் பண்றீங்களா?" இரண்டு நாள் பதில் போடவில்லை. மூன்றாம் நாள் "இல்லை தம்பி" என்று போட்டேன். நீலக் கோடு விழுந்தது, அவன் ஒன்றும் எழுதவில்லை. என் கையில் இருந்த கமிஷனைக் கொடுத்து அவன் வெப்சைட்டை வேறு இடத்துக்கு மாற்றிக் கொடுக்கலாமே என்று அப்போது தோன்றவில்லை. இப்போது தோன்றி என்ன பயன்.

பெரிய கமிஷன் நிரந்தரம் என்றும் நினைக்காதீர்கள். 2020 ஏப்ரலில் அமெரிக்க அமேசான், மரச்சாமான்களுக்கு 8 சதவீதம் கொடுத்ததை 3 ஆகவும், மளிகைக்கு 5 கொடுத்ததை 1 ஆகவும் ஒரே அறிவிப்பில் இறக்கியது. பல பேருடைய மாதச் சம்பளம் ஒரே வாரத்தில் பாதிக்கும் கீழே போயிருக்கும். சதவீதத்தைத் தீர்மானிப்பது நாம் இல்லை.

வெளிப்படையாகச் சொல்வது பற்றியும் ஒன்று. "இதில் எனக்குக் கமிஷன் உண்டு" என்ற வரியை நான் பல வருடம் ஆங்கிலத்தில், பக்கத்தின் அடியில், சாம்பல் நிறத்தில் போட்டு வைத்திருந்தேன். தமிழ்க் கட்டுரைக்கு ஆங்கில எச்சரிக்கை! யாரும் படிக்கக் கூடாது என்பதற்காகவே போட்டது. 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அதைப் படித்துப் பயந்துதான் தமிழில், மேலேயே, "இந்த லிங்கில் வாங்கினால் எனக்குக் கமிஷன், உங்களுக்கு விலை கூடாது" என்று போட்டேன். விற்பனை குறையவே இல்லை. இத்தனை நாள் எதற்குப் பயந்தேன் என்று தெரியவில்லை.

வரி பற்றிச் சுருக்கமாக: கமிஷனைத் தரும்போதே அதில் டி.டி.எஸ். என்று வரியைப் பிடித்துக்கொள்வார்கள், 5 சதவீதமாக இருந்தது 2024 அக்டோபரிலிருந்து 2 ஆனது. முதல் நாளிலிருந்தே செலவு பில்லை எடுத்து வையுங்கள். சோதனைக்கு வாங்கிய மிக்சி பில்லைத் தொலைத்துவிட்டு ஆடிட்டர் முன்னால் விழித்தவன் நான்.

சரி, இன்றைக்கு ஆரம்பிப்பதாக இருந்தால்? வேலைக்குப் போய்க்கொண்டே செய்பவர் டெலிகிராம் பக்கம் போகாதீர்கள், அதில் காசு இல்லாமல் இல்லை, வீட்டில் நிம்மதி இருக்காது. கையில் பொருள் இருந்தால் யூடியூபில் ஆரம்பியுங்கள். முகம் வேண்டாம், கை போதும். கூடவே ஒவ்வொரு வீடியோவுக்கும் வெப்சைட்டில் ஒரு பக்கம், மாடல் மாறினால், உதிரி பாகம் கிடைக்காமல் போனால் திருத்தி எழுத. வீடியோவின் அடியில் கடை லிங்க் போடாமல் அந்தப் பக்கத்தின் லிங்க்கைப் போடுங்கள். ஒரு தட்டல் கூடுதல், சில பேர் பாதியில் போய்விடுவார்கள், ஆனால் பொருள் செத்தாலும் லிங்க் சாகாது. எழுத மட்டும்தான் வரும் என்பவர் வெப்சைட்டில் நாலே நாலு பொருளைப் பற்றி எழுதுங்கள், நாற்பது வேண்டாம். ஹோஸ்டிங், கோர்ஸ், பங்குகளை வைக்கும் டீமேட் கணக்கு மாதிரிப் பெரிய கமிஷன் சமாச்சாரங்களில் நீங்கள் காசு கொடுத்து ஒரு வருடமாவது பயன்படுத்தியதை மட்டும் தொடுங்கள்.

அப்புறம், டேக் சரியாக இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிடுங்கள். இந்திய அமேசான் டேக் 21 என்று முடியும், அமெரிக்க டேக் 20 என்று முடியும். நான் ஒரு அமெரிக்கரின் மாதிரியைப் பார்த்து அப்படியே காப்பி அடித்ததில், அதிகம் பேர் படித்த என் கிரைண்டர் கட்டுரையில் ஐந்து மாதம் 20 என்றே கிடந்தது.