.22 ரைஃபிளும் அதன் தோட்டாப் பிடிவாதமும்

முயல் வேட்டைக்கு எந்த .22 (0.22 அங்குலக் குழல்) ரைஃபிள் வாங்கலாம் என்று நண்பர் கேட்டார். பல வருடங்களாக நான் வைத்திருப்பது, ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் .22 எல்.ஆர் (லாங் ரைஃபிள் என்ற தோட்டா வகை) போல்ட் ஆக்‌ஷன். எடை, குழல் நீளமெல்லாம் கடையிலேயே தெரிந்துவிடும். தெரியாதது ஒன்றுதான்: அந்தக் குழலுக்கு எந்தத் தோட்டா பிடிக்கும்?

என்னுடையதற்குப் பிடித்தது 40 கிரெய்ன் (சுமார் 2.6 கிராம்) எடையில், ஒலியைவிட மெதுவாகப் போகும் சப்சானிக், முனையில் குழியுள்ள ஹாலோ பாயின்ட். 50 மீட்டரில் குண்டுகள் எல்லாம் கட்டைவிரல் நகத்துக்குள் விழும். சத்தமும் குறைவு, பக்கத்து முயல் தலையை மட்டும் தூக்கிப் பார்க்கும். அதே ரைஃபிளில் அதிவேகத் தோட்டாவைப் போட்டால் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறும். வேகம் கூடினால் நல்லது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வினாடிக்கு 380 மீட்டரில் கிளம்பும் அந்தக் குண்டு, 100 மீட்டர் போவதற்குள் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. வேகத்தை அவ்வளவு சீக்கிரம் இழப்பதால் பக்கக் காற்றில் சப்சானிக்கைவிட அதுதான் அதிகம் விலகும்.

சரி, பிடித்த தோட்டா கிடைத்தாயிற்று, அப்புறம் என்ன? அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. போன மாதம் வாங்கிய பெட்டியில் அதே பெயர், அதே எடை, லாட் எண் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதியின் எண்) மட்டும் வேறு. குண்டு விழும் இடம் கீழே இறங்கிவிட்டது, சிதறலும் இரண்டு மடங்கு. குழலைத் துடைத்து, குறிபார்க்கும் ஸ்கோப்பின் திருகுகளை இறுக்கி, பழைய லாட்டில் மிச்சமிருந்ததைச் சுட்டேன், பழையபடி நகத்துக்குள். பற்றவைப்பான் உறையின் அடி நடுவில் இருக்கும் சென்டர்ஃபயர் தோட்டா என்றால் வீட்டிலேயே வெடிமருந்தளந்து சரிசெய்துகொள்ளலாம். .22 எல்.ஆர் போன்ற ரிம்ஃபயரில் பற்றவைக்கும் மருந்து உறையின் விளிம்புக்குள் இருப்பதால், காலி உறையை மறுபடி நிரப்ப நடைமுறையில் வழியில்லை. தொழிற்சாலை தருவதுதான் கதி.

முயலின் தலை சிறியது. இரண்டு சென்டிமீட்டர் தவறினால் தாடை உடைந்து வளைக்குள் ஓடி, அங்கேயே மெதுவாகச் சாகும். அதை நினைத்துத்தான் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

சுடும் விசை மென்மையானது, போல்ட் இதுவரை ஒருமுறைகூடச் சிக்கியதில்லை. நியாயமாகப் பார்த்தால் நல்ல ரைஃபிள். ஆனாலும் இன்றைக்கு யாரையும் இதை வாங்கச் சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று வகைத் தோட்டாவையாவது ஒரே மாதிரி சுடுகிற ஒன்றைத் தேடுங்கள். எதை வாங்கினாலும் நாலைந்து வகையில் ஒவ்வொரு பெட்டி சுட்டுப் பார்த்துவிட்டு, நன்றாக விழுந்த லாட்டிலேயே மொத்தமாக வாங்கி வையுங்கள். வகை மாற்றும்போது முதல் சில குண்டுகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம். குண்டின் மேல் பூசிய மெழுகு மாறுவதால் குழல் பழகக் கொஞ்சம் நேரமாகும்.